அந்த மாணவியின் படத்தைச் செய்தியில் போடலாமா? சிக்கிள் செல் நோய் பற்றி ஓர் ஆசிரியருக்குப் பதில்

நீலகிரியின் பந்தலூர்ப் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் ஆசிரியராக இருப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பது இது. ஏழாம் வகுப்பில் படிக்கும் பணியர் சமூகத்து மாணவி ஒருத்திக்கு, முகாமில் செய்த ரத்தப் பரிசோதனையில் சிக்கிள் செல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளூர் நிருபர் ஒருவர் அவளைப் படமெடுத்து, ‘பழங்குடிகளைப் பலிவாங்கும் மர்ம நோய்’ என்ற தலைப்பில் எழுத நினைக்கிறார். செய்தி வந்தால் உதவி வரும் என்கிறார் தலைமை ஆசிரியர். பெற்றோர் தயங்குகிறார்கள். வெளியே சொல்வதா, மறைப்பதா என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்தப் பிள்ளைக்கு உதவி யாரிடமிருந்து வர வேண்டும், அதற்கு அவள் தன் முகத்தை விலையாகக் கொடுக்க வேண்டுமா?

கொடுக்கக் கூடாது. செய்தி வரட்டும், படமும் பெயரும் ஊரும் வேண்டாம். நான் ரத்தநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றவன். நீலகிரியிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் வரும் சிக்கிள் செல் நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நோயைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். சட்டம் என் துறை அல்ல. அந்த இடம் வரும்போது அதற்குரியவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ‘மர்மம்’ என்ற சொல்லை நிருபரிடமிருந்து பிடுங்கிவிடுங்கள். மருத்துவத்தில் இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொள்ளப்பட்ட நோய்கள் குறைவு. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. ஆக்ஸிஜன் குறையும்போது அந்த ஹீமோகுளோபின் கோர்த்துக்கொண்டு விறைக்க, வட்டமாக இருந்த அணு அரிவாள்போல் வளைந்து சிறு ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. இது ஹீமோகுளோபின் மூலக்கூறின் கோளாறு என்று வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழுவினர் 1949-இல் காட்டினார்கள். இந்தியாவில் இதைக் கண்டறிந்த முதல் அறிக்கைகளில் ஒன்று உங்கள் மலையிலிருந்தே வந்தது. லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்து 1952-இல் வெளியிட்டார்கள். நாடு தழுவிய ஒரு திட்டம் 2023-இல்தான் வந்தது. மர்மம் என்று எதையாவது சொல்வதானால் நடுவில் கழிந்த அந்த எழுபது ஆண்டுகளைத்தான் சொல்ல வேண்டும்.

சாபம், தெய்வக் குற்றம், சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்ற பேச்சுகளுக்கும் விடை தெளிவானது. ஹீமோகுளோபினில் இந்த மாற்றத்தைத் தரும் மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வாங்கியவர்களுக்கு மலேரியா உயிரைக் குடிக்கும் அளவுக்கு முற்றுவதில்லை என்று ஆந்தனி அலிசன் என்ற ஆய்வாளர் 1954-இல் நிறுவினார். வயநாடும் கூடலூர்க் காடுகளும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் இந்த மரபணு நிலைத்ததற்குக் காரணம் அதுதான். வயநாட்டுச் செட்டிகளிடமும் இது உண்டு. மகாராஷ்டிரத்திலும் ஒடிசாவிலும் பழங்குடி அல்லாத சமூகங்களிலும் உண்டு. நெருங்கிய உறவில் மணம் முடித்தால் இரு பக்கத்து மரபணுவும் ஒரே பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு கூடும். ஆனால் அந்த மணம் மரபணுவை உண்டாக்குவதில்லை.

அடுத்தது முகாம் பரிசோதனை. நீங்கள் எழுதியதில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். முகாம்களில் பெரும்பாலும் செய்வது கரைதிறன் சோதனை. ஒரு சிறு குழாயில் இருக்கும் கரைசலில் விரல்நுனி ரத்தம் ஒரு சொட்டு விடுவார்கள். சில நிமிடங்கள் கழித்து, கறுப்புக் கோடுகள் போட்ட ஒரு தாளைக் குழாயின் பின்னால் பிடிப்பார்கள். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் இல்லை. கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால் ‘இருக்கிறது’. மலிவான, நல்ல சோதனைதான். ஆனால் அது சொல்வது அந்த ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதை மட்டுமே. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் மரபணு வாங்கிய, நோயே இல்லாத ஒருவருக்கும் கரைசல் கலங்கும். இருவரிடமிருந்தும் வாங்கிய நோயாளிக்கும் கலங்கும். முன்னவரை ‘ட்ரெய்ட்’ அல்லது கடத்தி என்கிறோம். அவர் எல்லோரையும்போல் வாழ்ந்துவிட்டுப் போவார். மருந்து வேண்டாம், விளையாட்டுக்குத் தடை வேண்டாம். இரண்டையும் பிரித்தறிய, ரத்தத்தில் எந்தெந்த வகை ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஹெச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபோரசிஸ் என்ற ஆய்வகச் சோதனை செய்தாக வேண்டும். அந்த அறிக்கை உங்கள் மாணவிக்கு வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அது வராமல் ஒரு பிள்ளையை ‘நோயாளி’ என்று அழைப்பதே தவறு. படம் பிடிப்பது அதற்கடுத்த தவறு.

அவள் அடிக்கடி விடுப்பு எடுக்கிறாள், மூட்டிலும் முதுகிலும் வலி என்று அழுகிறாள், கண் மஞ்சளாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவளுக்கு நோயே இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் நினைக்கிறேன். பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் சக ஆசிரியர் ‘நடிக்கிறாள்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதில் உண்டு. காலையில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை மாலையில் எலும்பை முறித்ததுபோல் துடிப்பதும், இரண்டு நாளில் எழுந்து நடப்பதும் இந்த நோயின் இயல்பு. வெளியே வீக்கம் இருக்காது, காயம் இருக்காது. எக்ஸ்ரே எடுத்தாலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். பெரிய மருத்துவமனைகளில்கூட வலி மருந்து கேட்கும் நோயாளியைச் சந்தேகத்தோடு பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். படிக்காதவர், காட்டிலிருந்து வந்தவர், சரியாகப் பேசத் தெரியாதவர் என்றால் அந்தச் சந்தேகம் இரட்டிப்பாகும். ரத்தத்தின் நோய்க்கு மருந்து உண்டு; வலியை நம்பாத கண்ணுக்கு மருந்து எழுதித் தர என்னால் முடியாது.

விடுதியில் நடக்கும் இன்னொன்றையும் சொல்கிறேன். இதை யாரும் எழுதுவதில்லை. இந்த நோயில் சிறுநீரகம் நீரைத் தேக்கி வைக்கும் திறனைச் சிறு வயதிலேயே இழந்துவிடுகிறது. அதனால் பிள்ளைகளுக்கு அடிக்கடி சிறுநீர் வரும், தாகம் எடுக்கும், பத்துப் பன்னிரண்டு வயதிலும் இரவில் பாயை நனைத்துவிடுவார்கள். விடுதிக் காப்பாளர் அதைச் சோம்பல் என்று எண்ணித் திட்டுவார். பிள்ளை பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். உடலில் நீர் குறைந்தால் அணுக்கள் இன்னும் வேகமாக வளையும். மறுநாள் வலி வந்து நிற்கும். இதைப் பள்ளியிலேயே இன்றைக்கே மாற்றிவிடலாம். மேசையில் தண்ணீர் பாட்டில், கேட்காமலே கழிப்பறைக்குப் போக அனுமதி, குளிப்பதற்கு வெந்நீர், குளிர்காலத்தில் ஸ்வெட்டர், வெயிலிலோ பனியிலோ நிற்கவைக்கும் தண்டனை அறவே கூடாது. விளையாட்டு வேண்டும்; களைத்தால் உட்கார விட வேண்டும், அவ்வளவுதான். கண் மஞ்சளுக்காகத் தனித் தட்டு வைப்பதும், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து உப்பில்லாப் பத்தியம் போடுவதும் வேண்டாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைவதால் வரும் மஞ்சள் அது, யாருக்கும் ஒட்டாது.

காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், நெஞ்சுவலியோடு மூச்சு வாங்கினால், திடீரென்று வெளுத்து வயிற்றின் இடப்பக்கம் உப்பினால், ஒரு கை அல்லது கால் விழுந்துபோனால், வாய் குழறினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி விடுதிக் காப்பாளரிடம் கொடுங்கள். இரவில் வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

சிகிச்சையில் உறுதியானவை இவை. ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை, பிறந்த குழந்தைகளிடம் இருக்கும் ஹீமோகுளோபினை மறுபடி கூட்டி, வலி வரும் எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைக்கிறது. 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1998-இல் அங்கே அனுமதி கிடைத்தது. தொடர்ந்து சாப்பிட வேண்டும், குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும், பின்னாளில் கர்ப்பம் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கும் தினம் பென்சிலின் கொடுத்தால் கொடிய தொற்று பெருமளவு குறைகிறது என்பது 1986 முதல் தெரியும். நிமோனியா போன்ற கடும் தொற்றைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி நம் தேசியத் திட்டத்தில் 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-இல்தான் நாடு முழுவதும் வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை அதைத் தவறவிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம், கேட்டுப் போட்டுவிடுங்கள்.

உறுதியில்லாதவையும் உண்டு. இந்தியர்களிடம் இருக்கும் மரபணு வகை ஆப்பிரிக்க வகையைவிடச் சாதுவானது என்று நாங்கள் பாடத்தில் படித்தோம். மத்திய இந்தியாவில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பிற்கால ஆய்வுகள் அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டன. அங்கே பலருக்கு நோய் கடுமையாகவே இருந்தது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவரில் ஒருவர் மாதம்தோறும் படுப்பதும் மற்றவர் பெரிதாக எதுவும் இல்லாமல் வளர்வதும் ஏன் என்பதற்கு முழு விடை யாரிடமும் இல்லை. ஆகவே உங்கள் மாணவி இருபது வயதில் எப்படியிருப்பாள் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், அது மருத்துவராக இருந்தாலும்.

பள்ளியில் வாரம்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ட்ரெய்ட் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். நோய் உள்ளவருக்கு, அதுவும் அடிக்கடி ரத்தம் ஏற்றியவருக்கு, உடலில் இரும்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம்; ரத்தமே ஏற்றாத, சரியான சாப்பாடும் இல்லாத பிள்ளைக்கு இரும்புக் குறைவும் இருக்கலாம். உடலில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். இதன் பெரிய வடிவம்தான் ரேஷன் கடைச் செறிவூட்டப்பட்ட அரிசி. சிக்கிள் செல் நோயாளிகள் இரும்பு சேர்த்த உணவைத் தவிர்க்க வேண்டும் என்று பையில் அச்சிட வேண்டுமென உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதி சொன்னது. கடையில் மூட்டையைப் பிரித்து அளந்து கொட்டுகிறார்கள். அந்த எழுத்து, சாப்பிடுகிறவர் கண்ணில் பட்டதேயில்லை. அரிசியில் இருக்கும் இரும்பு மிகக் குறைவு, ஆபத்தில்லை என்பது அரசுத் தரப்பு. வேறு அரிசி வாங்க வழியில்லாதவருக்கு ‘தவிர்க்கவும்’ என்ற எச்சரிக்கையால் என்ன பயன் என்று மறுதரப்பு கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அளவைக் கணக்கிட்டால் ஆபத்து சிறியது என்பதே என் எண்ணம். ஆனாலும் கேள்வி கேட்டவர்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஒருவர் தட்டில் எதைப் போடுகிறோம் என்பதை அவரிடம் சொல்லிவிட்டுப் போடுவது குறைந்தபட்ச மரியாதை.

இனி, சோதனை செய்தவர்களுக்கு அரசு கொடுக்கும் அட்டை விஷயம். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பதினேழு மாநிலங்களில் நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதித்து, 2047-க்குள் இதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்லாமல் ஆக்குவது இலக்கு. சோதித்தவர்களுக்கு மரபணு நிலையைக் குறித்த அட்டை. திருமணத்துக்கு முன் இருவர் அட்டையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது யோசனை. கணக்கு எளிது. இருவரும் கடத்திகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேர் தப்பிவிடுவார்கள் என்பது தப்புக் கணக்கு. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. ஒருவர் மட்டும் கடத்தி, மற்றவருக்கு ஹீமோகுளோபின் கோளாறு எதுவும் இல்லை என்றால் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. இருவரும் கடத்திகளாகவே மணந்தாலும் கர்ப்பத்தின் பத்தாவது வாரத்துக்குப் பிறகு கருவைச் சோதிக்க வழி இருக்கிறது. என்ன செய்வது என்பது அவர்கள் முடிவு.

அறிவியலாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடைமுறையில் அட்டை யாரைச் சுடும் என்பதில்தான் எனக்கு அச்சம், ஏனென்றால் இது ஒருமுறை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் இந்த நோயை நீண்ட காலம் அரசு கண்டுகொள்ளவில்லை. 1971-இல் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் தங்கள் இலவச மருத்துவ முகாம்களில் தாங்களே சோதிக்கத் தொடங்கினார்கள். மறுவருடம் அதிபர் நிக்ஸன் இதற்கென ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை நல்லது. ஆனால் பல மாநிலங்கள் அவசர அவசரமாகக் கட்டாயச் சோதனைச் சட்டங்களைக் கொண்டுவந்தன. அவற்றில் சில கடத்தியையும் நோயாளியையும் போட்டுக் குழப்பின. நலமாக இருந்தவர்கள் வேலையிலும் காப்பீட்டிலும் அடிபட்டார்கள். விமானப்படை அகாடமி, கடத்திகளுக்கு 1981 வரை கதவைத் திறக்கவில்லை. முதலில் சோதனை, பிறகு விளக்கம், எப்போதாவது சிகிச்சை என்ற வரிசையில் போனதன் பலன் அது. நம் ஊரில் வேலையைவிட முன்னால் கல்யாணம் நிற்கும். அதிலும் பையனின் அட்டையை யாரும் கேட்கமாட்டார்கள். பெண்ணின் அட்டையைத் தெருவே படிக்கும். பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளையின் படம் செய்தித்தாளில் வந்தால், அவளுக்கு மட்டுமல்ல, அவள் அக்காவுக்கும் பேசிய சம்பந்தம் நிற்கலாம். பெற்றோரின் பயம் அறியாமை அல்ல. அவர்கள் தங்கள் உலகத்தை உங்களையும் என்னையும்விட நன்றாக அறிந்தவர்கள்.

ஊடகங்களுக்கு இந்த நோயில் இரண்டு கதைகள்தான் பிடித்திருக்கின்றன. ஒன்று, அழிந்துவரும் பழங்குடி. கன்னம் ஒட்டிய குழந்தை, பின்னால் கூரைவீடு. இன்னொன்று, அற்புத சிகிச்சை. 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த ‘காஸ்ஜெவி’ மரபணுச் சிகிச்சை உண்மையிலேயே பெரிய சாதனைதான். ஒருவருக்கான விலை 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் பதினெட்டுக் கோடி ரூபாய்க்கு மேல். அதே நேரத்தில், சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்து எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. உங்கள் நிருபரை விரட்டாதீர்கள். அவரிடம் இந்தக் கேள்விகளைக் கொடுங்கள். வட்டாரத்தில் முகாமில் ‘இருக்கிறது’ என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு உறுதிப்படுத்தும் சோதனை நடந்தது? முடிவு அவர்கள் கைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆயிற்று? மாத்திரை எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை கிடைக்கிறது? இரவில் வலி வந்தால் ஊசி போட யார் இருக்கிறார்கள்? இதற்கு எந்தக் குழந்தையின் முகமும் தேவையில்லை. தகவலறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் பாதிக் கட்டுரை தயாராகிவிடும்.

உரிமைகள் விஷயத்தில் எனக்குத் தெரிந்த அளவு இது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, சிக்கிள் செல் நோயை இருபத்தொரு வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் சான்று கிடைத்தால் உயர்கல்வி இடஒதுக்கீடு உண்டு. ஆனால் அரசு வேலைக்கான நான்கு சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரத்தநோய்கள் இல்லை. ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்த கதைதான். சதவீதத்தை அளக்கும் நாளில் பிள்ளை நன்றாக நடந்து வந்தால் வலி கணக்கில் வராமல் போகும் அபாயமும் இருக்கிறது. அதனால் மருத்துவமனையில் சேர்த்த ஒவ்வொரு முறைக்கும் உரிய டிஸ்சார்ஜ் சீட்டையும், ரத்தம் ஏற்றிய குறிப்பையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அந்தச் சான்றுக்காக ஊட்டிக்குப் போக வேண்டியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கூடலூரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், விடியற்காலை பஸ், குளிர். குளிர்தான் வலியைக் கிளப்பும். வலியால் துன்பப்படுகிறாள் என்று சான்று வாங்கவே அவள் வலியை வரவழைக்கும் பாதையில் போக வேண்டியிருக்கிறது. கம்பளி, வெந்நீர் ஃபிளாஸ்க், வலி மாத்திரை மூன்றும் பையில் இருக்கட்டும். முடிந்தால் கூடலூரிலேயே முகாம் நடத்தக் கேளுங்கள்.

ஆதரவுக்கு நீங்கள் தொலைவில் தேட வேண்டாம். 1980-களின் இறுதியில் நில உரிமைக்காகத் திரண்ட ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் ஊடாகத்தான் கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை 1990-இல் உருவானது. ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாகவும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்று அதை நடத்திவருகிறார்கள். சிக்கிள் செல் நோயாளிகளைத் தேடிப் பிடித்துத் தொடர்ந்து பார்க்கும் வேலையும் அங்கே நடக்கிறது. அவள் மொழி தெரிந்த ஒரு செவிலியர் வீட்டுக்குப் போய்த் தாயோடு உட்கார்ந்து பேசுவதற்கு ஈடாக நான் எழுதும் எந்தச் சீட்டும் ஆகாது. பெற்றோர் சம்மதித்தால் முதலில் அங்கே அழைத்துப் போங்கள். பள்ளியில் யாரிடம் சொல்வது என்பதையும் பெற்றோரிடமும் மாணவியிடமும் கேட்டே முடிவு செய்யுங்கள். வகுப்பாசிரியர், விடுதிக் காப்பாளர், விளையாட்டு ஆசிரியர் ஆகிய மூவருக்குத் தெரிந்தால் போதும் என்பேன். தோழிகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவள் தீர்மானிக்கட்டும்.

ஹெச்.பி.எல்.சி. அறிக்கை கைக்கு வந்ததும் அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: ‘எஸ்’ (சிக்கிள் ஹீமோகுளோபின்), ‘ஏ’ (இயல்பான ஹீமோகுளோபின்). ஏ அதிகமாகவும் எஸ் அதைவிடக் குறைவாகவும் இருந்தால் பெரும்பாலும் ட்ரெய்ட். எஸ் மிகுந்து ஏ அறவே இல்லாவிட்டால் நோய். இதில் ஒரு பொறி உண்டு. சோதனைக்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களுக்குள் அவளுக்கு ரத்தம் ஏற்றியிருந்தால், கொடுத்தவருடைய ஏ அதில் கலந்திருக்கும். நோயாளியின் அறிக்கை ட்ரெய்ட் போலத் தோன்றும். ஆகவே கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதியையும், தாய் தகப்பன் இருவரின் சோதனை முடிவையும் சேர்த்துக் காட்டுங்கள். அவளுடைய விடுப்புக்கும் வலிக்கும் ட்ரெய்ட் காரணமாக இருக்காது. அப்படி ஓர் அறிக்கை வந்தால் வேறு காரணம் தேட வேண்டும், அதோடு விட்டுவிடாதீர்கள்.